அப்பாவின் சம்பளச் சீட்டில் 'ம.ச. 1.00': என்ன பிடித்தம் இது?

பிடோக்_செல்வி:
அப்பா தவறி நாற்பது நாள் ஆகிறது. அலமாரியை ஒழுங்குபடுத்தும்போது ஒரு மைலோ டின்னில் அவருடைய சம்பளச் சீட்டுகள் கிடைத்தன, 1966 முதல் 1971 வரை. சிங்கப்பூரில் தஞ்சோங் பகார் துறைமுகம் பக்கம் சரக்கு ஏற்றி இறக்கும் ஒரு கம்பெனி. எல்லாச் சீட்டிலும் மத்திய சேமநிதிக்கு (மசேநி) கீழே, பேனாவில் 'ம.ச. 1.00'. மூன்றே மூன்றில் மட்டும் 2.00. இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டாவுக்குப் பிடித்ததா என்று தம்பி கேட்கிறான்.

யீசூன்_கார்த்தி:
சிண்டா 1991-ல்தான் வந்தது. சம்பளத்தில் நன்கொடை பிடிக்கும் கம்யூனிட்டி செஸ்ட்டின் ஷேர் திட்டமும் 1984. மருத்துவச் செலவாக இருக்குமோ?

பழைய_கிராணி:
மருத்துவம் இல்லை தம்பி, மரண சகாயம். நான் அந்த வட்டாரத்தில் வேறொரு கம்பெனியில் சம்பளக் கிராணி (குமாஸ்தா). மாதம் ஒரு வெள்ளி (டாலர்) எல்லோருக்கும். யாராவது இறந்தால் அந்த மாதம் இன்னொரு வெள்ளி. செல்விம்மா, அந்த மூன்று சீட்டின் மாதத்தையும் பாருங்கள், மூன்று பேர் போயிருப்பார்கள்.

மசேநி இருக்கும்போது இது எதற்கு? 1955 ஜூலையில் மசேநி தொடங்கியபோது தொழிலாளி 5 விழுக்காடு, முதலாளி 5. சம்பளம் 120 வெள்ளி என்றால் மாதம் சேர்வது 12. அதுவும் மனு, பத்திரம் எல்லாம் முடிந்துதான் கைக்கு வரும். மவுண்ட் வெர்னான் தகனச் சாலைக்கு வண்டி பிடிக்க அன்றைக்கே காசு வேண்டுமே!

எங்கள் இடத்தில் 150 வெள்ளி, பழுப்பு உறையில். மண்டோரும் (மேஸ்திரி) நானும் இறந்தவர் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்து, கைநாட்டு வாங்கி வருவோம். மனைவி ஊரில் இருந்தால் இறுதிச் செலவு போக மீதியை மணியார்டரில் அனுப்புவோம். திரும்பி வரும் ரசீதிலும் பெருவிரல் ரேகைதான் இருக்கும். அதைக் கோப்பில் ஒட்டும்போது எனக்கு வேலை ஓடாது.

எல்லாம் புனிதமாக நடந்தது என்று சொல்லமாட்டேன். எங்கள் பொருளாளர் ஒருவர் 'கைமாற்றாக' எடுத்து, திருப்பித் தரவே இரண்டு வருடம் ஆனது. இப்படிப்பட்ட நிதிகளைப் பதிவு செய்ய 1960-லேயே சட்டம் இருந்தது. நாங்கள் பதியவில்லை, என் மேலும் தப்பு உண்டு.

1972 ஜூனில் தஞ்சோங் பகாருக்கு முதல் கொள்கலன் கப்பல் வந்தது. அப்புறம் மூட்டை தூக்க எதற்கு இத்தனை ஆள்? நானூறு பேர் போட்ட வெள்ளியை அறுபது பேர் போட்டால் உறை நிறையுமா? எங்கள் நிதி அப்படித்தான் முடிந்தது. இருந்ததைப் பிரித்தோம், ஆளுக்கு ஏழு வெள்ளி சொச்சம்.

யீசூன்_கார்த்தி:
ஐயா, முதலாளி ஒன்றும் போடவில்லையா?

பழைய_கிராணி:
உறை வாங்கிக் கொடுத்தார்.

பிடோக்_செல்வி:
ஐயா, நன்றி. சீட்டுகளை அம்மாவிடம் காட்டினேன். 1969 மார்ச் என்றதும், "அது கீழ்வீட்டு அண்ணன், கிரேன் கொக்கி விழுந்து போனார்" என்றார். மற்ற இரண்டு மாதமும் நினைவுக்கு வரவில்லை. இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.