பத்துக்குப் பன்னிரண்டு அடியில் வயிறு நிரம்புமா?

ஹொரமாவுக்காரி:
பெங்களூரில் வாடகை வீடு. பின்பக்கம் 10க்கு 12 அடி மண் தரை, நல்ல வெயில். ரெண்டு வருஷமா கீரை, தக்காளி, வெண்டைதான். எவ்வளவு பறிச்சாலும் தொட்டுக்கத்தான் ஆகுது, அரிசி வாங்குறது ஒரு படிகூடக் குறையலை. பசியாறுற மாதிரி ஏதாவது போடலாமா? நெல்லுன்னதும் ஓனர் சிரிச்சிட்டார். கேழ்வரகு?

பழைய விவசாயி:
கேழ்வரகு வேண்டாம்மா. நல்ல வயல்லயே ஹெக்டேருக்கு ரெண்டு, ரெண்டரை டன்தான். அந்தக் கணக்குல உங்க இடத்துக்கு மூணு கிலோ தேறாது. அதுலயும் குருவிக்குப் பங்கு உண்டு, அப்புறம் அடிச்சுப் புடைக்கணும்.

சர்க்கரைவள்ளி போடுங்க. எனக்கும் ராமமூர்த்தி நகர்ல ஏறக்குறைய இதே அளவு இடம். முதல் வருஷம் ஆசையா சாணி எருவை அள்ளிக் கொட்டினேன். கொடி மதில் ஏறிப் பக்கத்து வீட்டை எட்டிப் பார்த்தது. தோண்டினா கிழங்கு சுண்டுவிரல் தடிமன்! தழைச்சத்து மிஞ்சினா இலைதான் கொழுக்கும். கொடியைக் கீரையா பொரிச்சுத் தின்னு மனசைத் தேத்திக்கிட்டேன்.

அடுத்த தடவை எருவைக் குறைச்சு அடுப்புச் சாம்பல் போட்டேன். ரெண்டடிக்கு ஒரு பார் (மேடா அணைச்ச மண் வரிசை), அதுல ஒரு அடி நீளக் கொடித்துண்டு. ஓடுற கொடி கணுவுக்குக் கணு வேர் விடும், அப்பப்போ தூக்கி விடணும். நாலு மாசத்துல 19 கிலோ. நூறு கிராமுக்கு 86 கலோரின்னு வெச்சா, ஒரு ஆளுக்கு எட்டு நாள் சாப்பாடு.

நடுறதுக்குக் கொடி தேடி அலைய வேண்டாம். கே.ஆர். மார்க்கெட்ல வாங்கின கிழங்கு ரெண்டை ஈர மணல்ல புதைச்சா முளைக்கும். கிழங்கு வெளியே தெரிஞ்சா மண் அணைங்க, இல்லைன்னா கூன்வண்டு துளைச்சுடும். துளைச்ச கிழங்கு ஒரே கசப்பு.

சேலத்தான்:
வேலியோரம் ரெண்டு மரவள்ளிக் குச்சி நட்டு வைங்கக்கா. பத்து மாசம் ஆகும், ஆனா எடைக்கு எடை கலோரி சர்க்கரைவள்ளியைவிட ரெண்டு மடங்கு கிட்ட. தோலை உரிச்சு நல்லா வேகவெச்சு, அந்தத் தண்ணியைக் கொட்டிடணும். பச்சையா யாரும் கடிக்கக் கூடாது, விஷம் இருக்கு. பெருச்சாளி தொல்லை உண்டா? இருந்தா மரவள்ளியை மறந்துடுங்க.

ஹொரமாவுக்காரி:
பெருச்சாளி இருக்கு தம்பி, அதனால சர்க்கரைவள்ளிதான். ஓனர்கிட்ட சொன்னேன். இந்தத் தடவை சிரிக்கலை, "பாதி எனக்கு"ன்னார். அப்போ நாலு நாள்.