உக்ரைன் கிராமத்துக் கால்பந்து அணி தொழில்முறை லீக்குக்குள் நுழைந்தது எப்படி?

வலதுவிங்:
கோலோஸ் கோவலிவ்கா கிளப் பற்றி யாருக்காவது விவரம் தெரியுமா? கோவலிவ்கா என்பது கீவுக்குத் தெற்கே இருக்கும் கிராமம், இரண்டாயிரம் பேர்கூடத் தேறாது. 2012ல் தொடங்கிய கிளப், 2015ல் இரண்டாவது லீக் (மூன்றாம் அடுக்கு), 2016ல் முதல் லீக் (இரண்டாம் அடுக்கு), 2019ல் பிளே-ஆஃபில் ஒடெசாவின் சோர்னோமோரெட்ஸை இரண்டு ஆட்டங்களின் மொத்தக் கணக்கில் 2-0 என்று வென்று உச்சியில் இருக்கும் பிரீமியர் லீக். எனக்குப் புரியாதது அந்த 2015தான். அமெச்சூரில், அதாவது தொழில்முறை அல்லாத போட்டிகளில், ஜெயித்தால் தானாக மேலே ஏற்றிவிடுவார்களா?

பெஞ்ச்காரன்:
தானாகவெல்லாம் ஏற முடியாது. அமெச்சூர் போட்டிகளை நடத்துவது ஒரு சங்கம், முதல், இரண்டாவது லீக்குகளை நடத்துவது வேறு அமைப்பு, 1996ல் வந்தது. இடையில் இருப்பது விண்ணப்பம்தான். மைதானம் எப்படி, பணம் எங்கிருந்து வரும் என்றெல்லாம் காட்டி உரிமம் வாங்க வேண்டும். களத்தில் எவ்வளவு நன்றாக ஆடினாலும் இங்கே பணமில்லாமல் நின்றுவிட வேண்டியதுதான். கோலோஸுக்கு அந்தக் கவலை இல்லை, தலைவர் ஆந்திரி ஜாசுகாவின் குடும்பம் பெரிய விவசாயத் தொழில் நடத்துகிறது. இப்போது அந்த ஊரில் 5,000 பேர் உட்காரும் மைதானம் இருக்கிறது, ஊரையே இரண்டு தடவை உட்காரவைக்கலாம்!

பழையபந்து:
காசு மட்டும் காரணமில்லை தம்பி, காலமும் பார்க்க வேண்டும். 2014ல் கிரிமியா ரஷ்யா கைக்குப் போனது, கிழக்கே சண்டை மூண்டது, கிரிமியா கிளப்பான தாவ்ரியா சிம்ஃபெரோபோல் லீக்கிலிருந்தே காணாமல் போனது, அடுத்த வருடம் மெட்டலூர்க் டொனெட்ஸ்க், 2016ல் மெட்டலிஸ்ட் கார்கிவ் என்று வரிசையாக இழுத்து மூடினார்கள். 16 அணி ஆடிய பிரீமியர் லீக் முதலில் 14, அப்புறம் 12 என்று சுருங்கியது. ஆலை முதலாளிகள் விட்ட இடத்தில் வயல்காரர்கள் வந்தார்கள், அவ்வளவுதான். இங்குலெட்ஸ் பெட்ரோவேயைப் பாருங்கள், 2013ல் ஒரு விவசாய முதலாளி தொடங்கியது, கோலோஸோடு சேர்ந்து அதே 2015ல்தான் உள்ளே வந்தது. 2019ல் முதல் லீக்கில் இருந்துகொண்டே உக்ரைன் கோப்பை இறுதி ஆட்டம் வரை போனார்கள், பெரிய கிளப்பான ஷக்தாரிடம் 0-4. தோல்விதான், ஆனால் கீழ் லீக் அணி ஒன்று அங்கே வரை போனது அதுவே முதல் தடவை.

இன்னொன்று, சோவியத் காலத்தில் பெயருக்கு எல்லோரும் அமெச்சூர்தான். ஆட்டக்காரன் பெயர் ஆலைச் சம்பளப் பட்டியலில் இருக்கும், வேலை மட்டும் பந்து உதைப்பது. அதனால் ‘தொழில்முறை ஆனது’ என்பதெல்லாம் 1992ல் தனி லீக் வந்த பிறகு பேசுகிற பேச்சு.

வலதுவிங்:
சரி, அந்த முதலாளி நாளைக்குக் கையை உதறினால்?

பெஞ்ச்காரன்:
நிப்ரோ கிளப்புக்கு என்ன ஆனது? 2015ல் ஐரோப்பிய கிளப்புகள் மோதும் யூரோப்பா லீக்கின் இறுதி ஆட்டத்தில் ஸ்பெயினின் செவியாவிடம் 2-3. பின்னாலேயே சம்பளப் பாக்கி, புள்ளிப் பறிப்பு, 2017ல் இரண்டாவது லீக்குக்கு இறக்கிவிட்டார்கள், 2019க்குள் கதை முடிந்தது. பெரிய நகரத்து கிளப்புக்கே அந்த கதி. கோலோஸ் இதுவரை தாக்குப்பிடித்திருக்கிறது, 2020ல் அதே யூரோப்பா லீக்கின் தகுதிச் சுற்றில் கிரேக்கத்தின் தெசலோனிக்கிக்குப் போய் அந்த ஊர் ஆரிஸை 2-1 என்று வென்றார்கள், அடுத்த சுற்றில் குரோஷியாவின் ரியேகாவிடம் கூடுதல் நேரத்தில் கோட்டை விட்டார்கள். அந்த ஆரிஸ் ஆட்டம் கிடைத்தால் பாருங்கள்.