மத்தன் பூவில் மழை விழுந்துவிட்டது, காய் பிடிக்குமா?

கொடிக்காரன் (தக்கலை):
கொல்லையில் மத்தன் (பரங்கி) கொடி ஏற்றியிருக்கிறேன். தேனீ எட்டிப் பார்ப்பதில்லை. அதனால் காலை ஆறரைக்கே ஆண் பூவைப் பறித்து, இதழைக் கிழித்துவிட்டு, பெண் பூவில் நானே தேய்க்கிறேன். இன்று தேய்த்துக் கால் மணி நேரத்தில் மழை கொட்டிவிட்டது. “மகரந்தத்திலிருந்து குழாய் முளைத்து, விதையாகப் போகும் சூலைத் தேடிப் போகும் அப்பா” என்கிறாள் பிளஸ் டூ படிக்கும் மகள். கண்ணில்லாத குழாய்க்கு வழி சொல்வது யார்? நனைந்த பூ தேறுமா?

தோவாளைக்காரன்:
தேய்த்ததும் இதழைக் கூட்டி வாழைநாரால் கட்டிவிடுங்கள் அண்ணாச்சி. குழாய்க் கதையை டீச்சர் வந்து சொல்வார்.

ஓய்வுபெற்ற தாவரவியல் டீச்சர் (நாகர்கோவில்):
தேறுவது கடினம். நித்தியகல்யாணி மகரந்தத்தை ஒரு கண்ணாடித் தகட்டில் வெறும் தண்ணீரிலும், இன்னொன்றில் சீனியும் துளி போரிக் அமிலமும் கலந்த நீரிலும் வைத்து நுண்ணோக்கியில் பாருங்கள். சீனி நீரில் ஒரு மணி நேரத்துக்குள் வால் போலக் குழாய் நீளும். வெறும் தண்ணீரில் பல மகரந்தத் துகள்கள் நீரைக் குடித்து வெடிக்கும். உங்கள் பூவிலும் இதுதான் நடந்திருக்கும்.

குழாய் நுனியில் மட்டுமே வளரும். கால்சியம் அங்கேதான் திரண்டு நிற்கும். வழி சொல்வது பெண் பக்கம். கருமுட்டைக்கு அருகே சினர்ஜிட்கள் என்று இரண்டு செல்கள் உண்டு. டொரினியாவில் (தொட்டியில் வளர்க்கிறோமே, அந்த ஊதாப் பூ) ஜப்பானிய ஆய்வாளர் ஹிகாஷியாமாவின் குழுவினர் அவற்றை லேசரால் சுட்டார்கள். இரண்டும் போனதும் ஒரு குழாய்கூட அந்தப் பக்கம் திரும்பவில்லை. இது 2001இல். அச்செல்கள் சுரக்கும் சிறு புரதங்களை 2009இல் பிடித்து ‘லூர்’ என்று பெயர் வைத்தார்கள். தூண்டில் இரை என்று பொருள். எனக்கு மிகவும் பிடித்த பெயர்.

வெடிப்பதே தப்பு என்று எண்ணாதீர்கள், உங்கள் பூவில் நேரம்தான் தப்பு. ஆய்வகங்களில் வளர்க்கும் அராபிடாப்சிஸ் என்ற சிறு செடியில் 2017இல் கண்டது இது: போகிற வழியெல்லாம் குழாய் தானே சுரக்கும் ரால்ஃப்-4, ரால்ஃப்-19 என்ற சமிக்ஞைகள் அதை உடையாமல் காக்கின்றன. சூலை அடைந்ததும் பெண் பக்கத்து ரால்ஃப்-34 அவற்றின் இடத்தைப் பிடிக்கிறது. குழாய் வெடித்து விந்துச் செல்கள் வெளியேறுகின்றன.

கொடிக்காரன்:
டீச்சர், நான்காம் நாள் பிஞ்சு பழுத்து விழுந்துவிட்டது. இன்று குடை பிடித்துக்கொண்டே தேய்த்தேன். பக்கத்து வீட்டு மைனி சிரித்தார். மகள் தகடு வைத்தாள். வால் முளைத்தவை ஏழு, மீதியெல்லாம் வெடித்துவிட்டன. சீனி குறைந்துவிட்டதோ?

டீச்சர்:
குறைந்துதான் இருக்கும். 100 மில்லிக்கு 10 கிராம் போடச் சொல்லுங்கள். கண்ணளவு வேண்டாம், தராசில் நிறுக்கட்டும்.