44 வயதில் மறுபடி கராத்தே: ஒபீஸ், பிள்ளைகள், சின்ன வீடு. எப்படித் தொடங்குவது?

தெஹிவளை44:

வணக்கம். ஷோட்டோகான் முறைக் கராத்தேயில் பிரவுன் பெல்ட் (கறுப்புக்கு முந்தியது) வரை பழகி 23 வயதில் விட்டது. இப்ப 44, எடை 81 கிலோ. திரும்பத் தொடங்க முடிவெடுத்திருக்கிறேன்.

வேலை கோட்டையில், 5.30க்கு முடியும். பார்த்து வைத்திருக்கிற வகுப்பு வெள்ளவத்தையில், வீட்டுக்கு வருகிற வழியில்தான். செவ்வாய், வியாழன் பின்னேரம் 6.30, சனி காலை 7. ஒவ்வொன்றும் ஒன்றரை மணித்தியாலம். மூத்தவளுக்கு டியூஷன், சின்னவனுக்கு எட்டு வயது. மூன்று நாளும் போக ஏலாது.

இரண்டு நாள் போதுமா? வீட்டில் என்ன செய்யலாம்? மூன்றாம் மாடி, செட்டியை நகர்த்தினால் ஹோலில் பத்தடிக்கு எட்டடி கிடைக்கும், கீழ்வீட்டில் ஆட்கள் இருக்கிறார்கள். படி இறங்கும்போது வலது முழங்கால் முன்பக்கம் நோகிறது. இரண்டு வருடமாகப் பிரஷருக்குக் குளிசை எடுக்கிறேன். இந்த நிலையில் குமித்தே (எதிராளியோடு மோதும் பயிற்சி) செய்யலாமா? விபரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கோ.

கொட்டாஞ்சேனை_டோஜோ:

தம்பி, செவ்வாயும் சனியும் எடுங்கோ. இடையில் ஒருபக்கம் மூன்று நாள், மறுபக்கம் இரண்டு நாள் ஓய்வு வரும். வியாழனை விடுங்கோ.

திரும்பி வருகிறவர்களுக்கு ஒரு ஆபத்து இருக்கிறது, புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு அது இல்லை. உங்கள் உடம்பு உத்தியை மறக்கவில்லை. இரண்டாவது வகுப்பிலேயே கியாகு சூக்கி (பின்கைக் குத்து) பழைய வேகத்தில் போகப் பார்க்கும். தசையும் ஆறு எட்டுக் கிழமையில் பிடித்துக்கொள்ளும். தசையை எலும்போடு பிணைக்கிற நாணுக்கோ மாதக்கணக்கு வேணும். இருபது வருடம் கதிரையில் இருந்த குதிநாணை வைத்துக்கொண்டு 23 வயது வேகத்தில் பின்காலால் தள்ளும்போதுதான் அது அறுகிறது. பின்னால் இருந்து யாரோ உதைத்த மாதிரி இருக்கும், 'டப்' என்று கேட்கும், திரும்பிப் பார்த்தால் ஒருவரும் இல்லை. 30க்கும் 50க்கும் இடைப்பட்ட, கிழமைக்கு ஒருநாள் விளையாடுகிற ஆண்களுக்குத்தான் இது கூடுதலாக வருவது.

ஆகவே இன்றைக்கே தொடங்க வேண்டியது கெண்டைக்கால். தொடர்மாடியில் படிக்கட்டுக்குக் குறைவில்லை. படியின் விளிம்பில் முன்பாதத்தை மட்டும் வைத்து, கைபிடியைப் பிடித்துக்கொண்டு இரண்டு காலாலும் எழும்புங்கோ. இறங்குவது ஒரு காலால், மூன்று எண்ணி மெதுவாக. குதி படிமட்டத்துக்குக் கீழே போக வேணும். ஒவ்வொரு காலுக்கும் 15 தரம், மூன்று சுற்று. ஒருநாள் முழங்கால் நேராக, அடுத்த முறை சற்று மடித்து. மடித்துச் செய்யும்போது உள்ளே இருக்கிற தசை வேலை செய்யும். தாழ்ந்த நிலைகளில் பாரம் விழுவது அதில்தான். முதல் இரண்டு கிழமை ஒரு சுற்றோடு நிறுத்தலாம். மறுநாள் காலை கட்டிலால் இறங்கி வைக்கிற முதல் பத்து அடியைக் கவனியுங்கோ. வழமையைவிட விறைப்பு கூட என்றால் அன்றைக்குப் பாதியாகக் குறையுங்கோ. காய்ச்சல், சிறுநீர்த் தொற்று என்று சிப்ரோஃப்ளொக்சசின் வகை அன்டிபயோட்டிக் தந்திருந்தால் அந்தக் காலத்தில் பாய்ச்சல், துள்ளல் ஒன்றும் வேண்டாம். அந்த மருந்து நாணைப் பலவீனப்படுத்தக்கூடியது, டொக்டரிடமும் கேட்டுக்கொள்ளுங்கோ.

முதல் நான்கு கிழமை கிஹோனும் (அடிப்படை அசைவுகள்) கட்டாவும் (தனியாகச் செய்கிற அசைவுத் தொடர்) மட்டும், வேகம் அறுபது வீதம். காற்றில் குத்தும்போது முழங்கையைக் கடைசிவரை பூட்டாதீர்கள், ஒரு விரலளவு மிச்சம் வைத்து நிறுத்துங்கோ. இந்தப் பூட்டாலும் முழங்கை நோ எடுக்கலாம். ஐந்தாம் கிழமையில் இருந்து பாட் (குத்தவும் உதைக்கவும் பிடிக்கிற மெத்தை), இப்போன் குமித்தே (சொல்லிவைத்த ஒரே தாக்குதலோடு செய்வது). ஒன்பதாம் கிழமைக்குப் பிறகு மற்றக் குமித்தேயைப் பார்க்கலாம்.

பழைய பாணி வகுப்புகளில் தவளைப் பாய்ச்சலும் வாத்து நடையும் இன்னும் இருக்கிறது. அந்த முழங்காலோடு இரண்டும் வேண்டாம். வகுப்பு நடுவில் மறுப்பது மரியாதையில்லை, அதனால் தொடங்கமுதல் சென்செய்யிடம் (ஆசிரியரிடம்) போய், "முழங்கால் நோ இருக்கிறது, பாய்ச்சலுக்குப் பதில் குந்தி எழும்பட்டுமா" என்று கேளுங்கோ. நல்ல சென்செய் ஓம் என்பார். ஓம் சொல்லாத இடம் உங்கள் வயதுக்குரிய இடமில்லை, வேறு டோஜோ (பயிற்சிக்கூடம்) பாருங்கோ. கொழும்பில் தேர்வுக்குக் குறைவில்லை.

மாடிவீட்டுக்கட்டா:

அண்ணா, வீட்டுக்குள்ள செய்யிறதுக்கு ஹெயான் கட்டாக்களை விட டெக்கி ஷோடான் கட்டாதான் பொருத்தம். 29 அசைவு, பெரும்பாலும் கிபா டாச்சியில (குதிரையில இருக்கிற மாதிரிக் காலை அகட்டி நிக்கிற நிலை), பக்கவாட்டா ஒரே கோட்டில. உங்கட ஹோலின் பத்தடிப் பக்கத்துக்குள்ள முழுக் கட்டாவும் அடங்கும். ஹெயான் ஷோடான் 21 அசைவுதான், ஆனா மூன்று அடி முன்னுக்குப் போகிற இடத்தில சுவர் வந்திடும். அதைச் செய்யத்தான் வேணும் எண்டா, ஒரு அடி வைச்சுத் தடுத்ததும் அதே காலைப் பழைய இடத்துக்கு இழுத்திட்டு அடுத்ததைச் செய்யுங்க. எண்ணிக்கை மாறாது, இடம் மட்டும் மாறும்.

டெக்கியில கீழ்வீட்டுக்காரருக்குக் கேக்கிறது காலைத் தூக்கி மிதிக்கிற இடம். அங்க தூக்குறதை முழுசாத் தூக்குங்க, இறக்கும்போது முன்பாதம் முதல், பிறகு குதி, சத்தமில்லாம. இப்படி மெதுவா இறக்குறது மிதிக்கிறதை விடக் கஷ்டம், இடுப்புக்கு நல்ல வேலை. பாதத்தை உள்ளுக்குச் சுழட்டித் தூக்குற நாமி காயெஷியை மட்டும் நோ குறையும்வரை கணுக்கால் உயரத்தோட நிறுத்துங்க. காலை 5.15க்கு எழும்பினா ஸ்கூல் வான் வரமுதல் இருபது நிமிடம் கிடைக்கும். ஐந்து நிமிடம் உடம்பைச் சூடாக்கி, டெக்கி மெதுவா மூன்று தரம், பாதி வேகத்தில இரண்டு தரம், பிறகு கெண்டைக்கால் பயிற்சி. வியாழன் ஒருநாள் இதைச் செய்தாப் போதும்.

இனி முழங்கால். நோ முன்பக்கம், படி இறங்கும்போது எண்டா முழங்கால் சில்லுக்குப் பின்னால வருகிற நோவா இருக்கலாம். வீக்கமோ பூட்டிக்கொள்றதோ இருந்தா முதலில காட்டுங்க. ஸென்குத்ஸு டாச்சியில (முன்முழங்காலை மடிச்சு நிக்கிற நீள நிலை) இறங்கி இருட்டு யன்னல் கண்ணாடியைப் பாருங்க. முன்முழங்கால் பெருவிரல் பக்கம் உள்ளுக்குச் சரியுதா? அது இரண்டாம் விரலுக்கு நேர நிக்கணும். நிற்காட்டி நிலையை நீளமா வைச்சிருக்கிறீங்க, ஒரு பாதம் அளவு குறையுங்க. கிரேடிங்கில் (பெல்ட் தேர்வில்) ஆழமான நிலை கேட்பாங்க, அதை அந்த மாதத்தில பார்த்துக்கொள்ளலாம். சுவரில் முதுகை ஒட்டி, முழங்கால் நோகாத அளவுக்கு மடித்து 45 செக்கன் இருக்கிறது, ஐந்து தரம், இடையில இரண்டு நிமிட ஓய்வு. கிழமைக்கு மூன்று நாள்.

மாவாஷி கெரி (பக்கத்தால சுழட்டி உதைக்கிறது) பற்றி ஒரு விஷயம். முழங்கால் கெடுறது உதைக்கிற காலில இல்லை, நிக்கிற காலில. நிக்கிற பாதத்தின்ட குதி எதிராளியைப் பார்க்கிற அளவுக்குத் திரும்பினதுக்குப் பிறகுதான் மற்றக் கால் நீளணும். கொழும்பு வெக்கையில பாதம் வேர்த்துத் தரையில ஒட்டிக்கொள்ளும், இடுப்பு சுழலும், பாதம் நிக்கும், அந்த முறுக்கு முழுக்க முழங்காலுக்கு. தடிப்பான மென்மையான மெத்தையில இன்னும் மோசம், பாதம் புதைஞ்சிடும். அதனால ஒரு துவாயைப் பக்கத்தில வைச்சு ஒவ்வொரு சுற்றுக்கும் முதல் பாதத்தைத் துடையுங்க. உயரத்துக்கு அளவு இதுதான்: சுவரைப் பிடிச்சு முழங்காலை மடிச்சுத் தூக்கி, பத்து செக்கன் அசையாம எந்த உயரத்தில வைச்சிருக்க முடியுதோ அந்த உயரத்துக்கு மேல உதைக்காதீங்க. அதுக்கு மேல போகிறது நடுமுதுகை வளைச்சுத்தான் போகும்.

மருந்துச்சீட்டு:

மேலே இரண்டு பேரும் சொன்னது சரி. பிரஷர் உள்ளவருக்குச் சில திருத்தங்கள்.

சுவர் இருக்கையை 45 செக்கனில் தொடங்க வேண்டாம். அசையாமல் தசையை இறுக்கி வைத்திருக்கும்போது இரத்த அழுத்தம் ஏறும், மூச்சையும் பிடித்தால் இன்னும் ஏறும். 20 செக்கனில் தொடங்கி, சத்தமாக எண்ணிக்கொண்டே செய்யுங்கள். எண்ணும்போது மூச்சைப் பிடிக்க முடியாது. கிபா டாச்சியில் நீண்ட நேரம் நிற்க வைக்கும்போதும் இதே முறை. கோஜு ரியூ என்ற வேறு கராத்தே முறை வகுப்புக்குப் போகிறவர்களுக்கு சான்சின் கட்டா உண்டு. உடம்பு முழுவதையும் இறுக்கி மூச்சை அழுத்தி விடுகிற அந்த முறையை, பிரஷர் கட்டுப்பாட்டில் இல்லாதவர்கள் செய்யக்கூடாது. அசைவை மட்டும் தளர்வாகச் செய்யலாம்.

தொடங்குவதற்கு முன் பிரஷர், வெறும்வயிற்றுச் சீனி, கொலஸ்ட்ரோல், ஈசிஜி பார்த்துக்கொள்ளுங்கள். 35 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இவற்றில் அடிப்படையானவற்றை அரசாங்க வைத்தியசாலைகளில் இலவசமாகப் பார்க்கிறார்கள். வகுப்புக்கு முன் அமைதியாக இருந்து பார்க்கும்போது 180/110 தாண்டியிருந்தால் அன்றைக்கு வகுப்பு இல்லை, டொக்டரிடம் போக வேண்டும்.

உங்கள் குளிசை எது? அட்டெனொலோல், பிசோப்ரொலோல் போன்றவை நாடித்துடிப்பை ஏறவிடாது. 220இல் வயதைக் கழித்துக் கணக்குப் பார்க்கிற முறை அவற்றை எடுப்பவர்களுக்குப் பொருந்தாது. பேச்சை வைத்து அளவுபாருங்கள்: ஒரு முழு வசனத்தை மூச்சு வாங்காமல் சொல்ல முடிந்தால் அளவான வேகம், மூன்று சொல்லுக்கு மேல் வராவிட்டால் குறைக்க வேண்டும். வகுப்பு முடிவில் ஸெய்ஸாவில் (மண்டியிட்டு இருக்கும் நிலை) இருந்து வணங்கி எழும்பும் இடத்தில் தலை சுற்றலாம். ஐந்து நிமிடம் நடந்து ஆறியபின் இருங்கள், எழும்பும்போது ஒரு முழங்காலை உயர்த்தி இரண்டு மூச்சு நின்று எழும்புங்கள். தலைசுற்றுகிறது என்று குளிசையை நீங்களாகவே நிறுத்த வேண்டாம்.

ஒரு மணித்தியாலத்துக்குத் தண்ணீரே போதும். அதற்கு மேல் போனால் செவ்விளநீர் நல்லது. ஜீவனிப் பக்கெட் வயிற்றோட்டத்துக்கு உரியது, அதில் உப்பு உண்டு, பிரஷர் உள்ளவர் ஒவ்வொரு வகுப்புக்கும் குடிக்க வேண்டியதில்லை. வகுப்புக்கு முன்னும் பின்னும் நிறுத்துப் பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால் ஒரு லீற்றர் வேர்வை போயிருக்கிறது.

சீனி வருத்தம் உள்ளவர்களும் இதை வாசிப்பீர்கள். இன்சுலின் அல்லது கிளிக்லசைட் எடுப்பவர்கள் வகுப்புக்கு முன் சீனி பாருங்கள், 90க்குக் கீழே என்றால் ஒரு வாழைப்பழம் சாப்பிட்டுக் கால் மணித்தியாலம் கழித்து மறுபடி பாருங்கள். வெறுங்காலில் பயிற்சி என்பதால் வீட்டுக்கு வந்ததும் உள்ளங்காலை வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். உணர்ச்சி குறைந்த பாதத்தில் சிராய்ப்பு தெரியாது.

நெஞ்சு இறுக்கம், இடது கைக்கோ தாடைக்கோ பரவுகிற நோ, காரணமில்லாத குளிர்வேர்வை வந்தால் உடனே நிறுத்தி 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ், காசு இல்லை. அந்த இலக்கம் டோஜோச் சுவரில் ஒட்டியிருக்க வேண்டும்.

தெஹிவளை44:

மூவருக்கும் மிக்க நன்றி. குளிசை பிசோப்ரொலோல் 2.5. ஆகவே நாடிக் கணக்கை விட்டுவிடுகிறேன். யன்னல் கண்ணாடியில் பார்த்தேன், மாடிவீட்டுக்கட்டா சொன்ன மாதிரியே முழங்கால் உள்ளே சரிகிறது. இன்னும் இரண்டு கேள்வி: சனிக்கிழமை வகுப்பில் சின்னவனையும் சேர்க்கலாமா? குமித்தேக்கு என்ன வாங்க வேணும்?

பாட்பிடிப்பவன்:

மகனைச் சேருங்க. சனி காலை உங்களுக்கும் அவனுக்கும் ஒரே பயணமா முடியும், வீட்டிலயும் ஒருத்தருக்கு இரண்டு மணித்தியாலம் கிடைக்கும். ஆனா ஒரே வரிசையில நிக்காதீங்க. வகுப்புக்குள்ள அவனைத் திருத்துறது சென்செய்யின் வேலை. "காலை மடி", "நேரா நில்" எண்டு பக்கத்தில நிண்டு சொன்னா இரண்டே மாதத்தில அவன் வரமாட்டான் எண்டுவான். வீட்டில அவனுக்கு நீங்க பாட் பிடியுங்க, உங்களுக்கு அவனைக் கொண்டு கட்டா எண்ணச் சொல்லுங்க.

குமித்தேயை முழுசா விடச் சொல்லிச் சிலர் சொல்லுவாங்க. நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். தூரமும் நேரமும் கட்டாவில மட்டும் வராது. ஆனா ஒன்பதாம் கிழமைக்குப் பிறகு, ஒரு நிமிடம் மூன்று சுற்று, உங்கட வயதுக்கு அண்மித்த ஆளோட. பதினெட்டு வயதுப் பொடியனோட முதல் சுற்று வேண்டாம். அவனுக்குக் கோபம் இல்லாட்டியும் நிறுத்துற பழக்கம் இன்னும் வந்திருக்காது.

வாய்க்கவசம் முதல் வாங்குங்க. கொதிநீரில பக்கெட்டில சொன்ன நேரம் மட்டும் வைச்சு எடுத்து, ஒரு செக்கன் குளிர்தண்ணியில தோய்ச்சு மேற்பல்லில கடிச்சு, பெருவிரலால வெளிப்பக்கம் அழுத்தி உறிஞ்சுங்க. வாயைத் திறந்தா தானா விழக்கூடாது, விழுந்தா மறுபடி செய்யணும். அடுத்தது கீழ்க்கவசம் (கவட்டுக்கு), முன்கால் கவசம், கையுறை. கண்ணாடி போடுறவரா இருந்தா கழட்டிட்டு வாங்க. நகத்தைக் கட்டையா வெட்டுங்க, கால் நகமும்தான். மே கெரியில (முன்னுதை) விரலைப் பின்னுக்கு மடிக்காம உதைச்சா எதிராளியின் முழங்கையில பெருவிரல்தான் போகும். சுவரில முன்பாதத்தை வைச்சு, விரல்கள் சுவரில படாம இருபது தரம் தள்ளிப் பழகுங்க.

உடுப்பு 8 அவுன்ஸ் துணியில வாங்குங்க. 12 அவுன்ஸில சத்தம் நல்லா வரும், ஆனா நனைஞ்சா தொடர்மாடி பல்கனியில மழைக்காலத்தில இரண்டு நாளுக்கும் காயாது. ஈரத்தோட பையில வைச்சா படர்தாமரை வரும். செவ்வாய் இரவு எவ்வளவு களைப்பா வந்தாலும் அதை வாளித் தண்ணியில போட்டிட்டுப் படுங்க.