எஞ்சின் மாற்றினீர்கள், சரி. கியர் பாக்ஸும் கிரவுன் பீனியனும் எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள்?

மலைஜீப், தேனி

எஞ்சின் மாற்றப் போகிறேன் என்று யாராவது சொன்னால் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: எந்த எஞ்சின்? பின்னால் சுற்றப் போகிற பல் கணக்கைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை. அதற்கு இரண்டு வருடமும் ஒரு கிளட்சும் செலவானது. அந்தக் கதையைச் சொல்லித் தொடங்குகிறேன், நீங்களும் சொல்லுங்கள்.

அப்பா வாங்கிய மஹிந்திரா சிஜே-3பி. 2,199 சிசி ஹரிக்கேன் பெட்ரோல் எஞ்சின், மூன்று கியர் டி-90 பெட்டி, பின் அச்சின் கிரவுன் பீனியனில் 8-க்கு 43 பல், அதாவது சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற ஷாஃப்ட் 5.38 சுற்று. பெட்ரோல் குடித்தே எங்களை ஆண்டியாக்கியது. மதுரையில் ஒரு காயலான் கடையில் 2,523 சிசி டீசல் எஞ்சின் கிடைத்தது. தூக்கி வைத்தாயிற்று. கியர் பாக்ஸ் நன்றாகத்தானே இருக்கிறது, அதை ஏன் தொடவேண்டும் என்று விட்டுவிட்டேன்.

முதல் நாள் ஊருக்குள் ராஜா மாதிரி போனது. இரண்டாம் கியரிலேயே தெருவைச் சுற்றி வரலாம், அப்படி ஓர் இழுவை. மறுநாள் மதுரைக்குக் கிளம்பினேன். ஆண்டிபட்டி கணவாய் தாண்டி சமதளத்துக்கு வந்ததும் விளங்கியது. 65-க்கு மேல் போனால் எஞ்சின் கதறுகிறது, பக்கத்தில் உட்கார்ந்தவரோடு பேச முடியவில்லை. ஹரிக்கேன் 4,000 ஆர்பிஎம்மில்தான் முழு பலத்தையும் காட்டும். என் டீசல் 3,200-லேயே போதும் என்று நின்றுவிடும். சுற்றிச் சுற்றி ஓடுகிற எஞ்சினுக்கு வைத்த பல்லை, மெதுவாகச் சுற்றி அழுத்தி இழுக்கிற எஞ்சினுக்கு மாட்டியிருந்தேன்.

வீட்டுக்கு வந்துதான் கணக்கே போட்டேன். டயரில் சாக்பீஸால் ஒரு கோடு, தரையில் ஒரு கோடு, நான்கு பேரை உட்காரவைத்து வண்டியை ஒரு சுற்றுத் தள்ளினால் 2.25 மீட்டர். 80 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 593 சுற்று. டாப் கியர் ஒன்றுக்கு ஒன்று என்பதால் 5.38-ஆல் பெருக்கினால் போதும்: 3,190. எஞ்சின் நிற்கிற இடமும் அதுதான்.

இங்கேதான் இரண்டாவது தப்பு. ஆத்திரத்தில் ஒரேயடியாக மறுகோடிக்குத் தாவி 11-க்கு 41, அதாவது 3.73 வாங்கிவிட்டேன். கிரவுன் பீனியன் மட்டும் வாங்கினால் போதாது என்பது கழற்றிய பிறகுதான் தெரிந்தது. என் பின் அச்சு டானா 44. அதில் 3.73-க்கும் அதற்குக் கீழும் ஒரு கேரியர் (கிரவுன் சக்கரத்தைத் தாங்கும் கூடு), 3.92-க்கு மேல் வேறு கேரியர். அதற்கும் தனிச் செலவு. 80-இல் 2,200 ஆர்பிஎம். மதுரைக்குப் பாட்டுக் கேட்டுக்கொண்டே போனேன்.

அடுத்த வாரம் போடிமெட்டு ஏறினேன், ஏழு பேரோடு. கொண்டை ஊசி வளைவில் 20 கிலோமீட்டர் வேகம் என்று வையுங்கள். இரண்டாம் கியரில் எஞ்சின் 860-இல் முக்குகிறது, உதறுகிறது. முதல் கியருக்கு இறக்கலாம் என்றால் டி-90-இல் முதல் கியருக்கு சிங்க்ரோமெஷ் (ஓடும்போதே உரசாமல் கியர் விழவைக்கும் அமைப்பு) கிடையாது. வண்டியை நிறுத்திவிட்டுப் போடவேண்டும், இல்லையென்றால் இரண்டு முறை கிளட்ச் மிதித்து ஆக்சிலரேட்டர் கொடுத்துப் போடவேண்டும். வளைவு நடுவில், பின்னால் பஸ் ஹாரன் அடிக்கும்போது, என்னால் முடியவில்லை. கிளட்சை அரைகுறையாக மிதித்தே ஏற்றினேன். மேலே போய்ச் சேர்வதற்குள் பிளேட் கருகிய வாசம் வண்டி முழுக்க.

முன் அச்சைச் செலவுக்குப் பயந்து 5.38-லேயே விட்டிருந்தேன். முன்னும் பின்னும் வேறு வேறு பல் இருந்தால் நான்கு சக்கர ஓட்டம் போடவே கூடாது, ஒன்றை ஒன்று முறுக்கி எதையாவது உடைக்கும். அதனால் முன்பக்க ஷாஃப்டைக் கழற்றி வைத்திருந்தேன். அந்த மழைக்காலத்திலேயே ஏலத்தோட்டச் சேற்றில் மாட்டி, இன்னொரு ஜீப் வந்து இழுத்துவிட்டது. ஜீப்பை ஜீப் இழுப்பதைப் போல அவமானம் வேறு இல்லை.

இப்போது இருப்பது ஐந்து கியர் பெட்டி, முன்னும் பின்னும் 8-க்கு 39, அதாவது 4.88. ஐந்தாம் கியரை மேசையில் வைத்துக் கையால் சுற்றி எண்ணியதில் 0.85 வந்தது. 80-இல் 2,460. முதல் கியர் பழைய டி-90-இன் முதல் கியரைவிட நன்றாக இழுக்கிறது, சிங்க்ரோமெஷும் உண்டு. இதில் நான் கற்றது, பெட்டியையும் பல்லையும் சேர்த்துத்தான் யோசிக்கவேண்டும். மூன்று கியர் பெட்டியில் மலைக்கும் ஹைவேக்கும் சேர்த்து ஒரு நல்ல பல் தேடினேன். அப்படி ஒன்று இல்லவே இல்லை.

லேத்துப்பட்டறை, கோவை

ஏனுங்க, ஷாஃப்ட் கதையைச் சொல்லாம விட்டுட்டீங்களே. டி-90 குட்டையான பெட்டி. ஐந்து கியர் நீளம். உங்க வண்டி வீல்பேஸ் 80 அங்குலம்தான். பெட்டி பின்னால் போகப் போக பின் ஷாஃப்ட் குட்டையாகி, சாய்வு கூடும். இதே வேலை செய்த ஒரு வண்டி எங்களிடம் ஆறு மாதத்தில் மூன்று கிராஸ் (ஷாஃப்ட் முனையில் மடங்கும் இணைப்பு) தின்றது. எஞ்சினைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தி, பின் அச்சின் பீனியன் முனையைச் சற்று மேலே தூக்கி வைத்த பிறகுதான் அடங்கியது. பெட்டி வாங்கும் முன்னால் டேப்பை எடுத்து நீளம் அளங்க, ரேஷியோ அப்புறம்.

இன்னொன்று. எஞ்சின் ஒரு கம்பெனி, பெட்டி ஒரு கம்பெனி என்றால் நடுவில் அடாப்டர் பிளேட் வரும். பிளேட்டில் போல்ட் துளை பொருந்திவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். கிராங்க் மையமும் பெட்டி ஷாஃப்ட் மையமும் ஒன்றாக இருக்கவேண்டும். ஃபிளைவீலில் டயல் கேஜ் கட்டிச் சுற்றிப் பார்த்தால் முள் 0.005 அங்குலத்துக்குள் ஆடவேண்டும். அதற்கு மேல் போனால் கியர் விழாது, பெட்டி ஷாஃப்டின் முனையைத் தாங்கும் பைலட் புஷ் தேயும், கடைசியில் பழி கிளட்ச் பிளேட் மேல் விழும்.

அம்பாசடர்காரன், திருச்சி

என் அனுபவம் சின்னது. 1,489 சிசி டீசல் அம்பாசடர். அந்த எஞ்சினின் பலம் தெரிந்தவர்களுக்குத் தெரியும், மேம்பாலம் ஏறும்போது சைக்கிள்காரர் திரும்பிப் பார்ப்பார். அதை எடுத்துவிட்டு 1,995 சிசி இசுசு டீசல் வைத்தேன், அதோடு வந்த ஐந்து கியர் பெட்டியையும் சேர்த்தே வாங்கினேன். பின் அச்சைத் தொடவில்லை. எஞ்சின், பெட்டி, கிளட்ச், ஷாஃப்ட் எல்லாம் ஒரே வண்டியிலிருந்து வந்தால் பாதித் தலைவலி போய்விடும். ஸ்டியரிங் பக்கத்தில் இருந்த கியர் கம்பிக்குக் கை இன்னும் தானாகப் போகிறது, அது ஒன்றுதான் குறை.

ஆர்சி புத்தகத்தை மறக்காதீர்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுப்படி எஞ்சின் மாற்றினால் ஆர்டிஓவில் அனுமதி வாங்கிப் பதிய வேண்டும். கியர் பாக்ஸைப் பற்றி அவ்வளவாகக் கேட்க மாட்டார்கள், எஞ்சின் நம்பரையும் எரிபொருளையும் பார்ப்பார்கள்.

டெட்ராய்ட் பக்கம்

நான் மிச்சிகனில் இருக்கிறேன். இங்கே பழைய செவ்ரலேயில் பெரிய வி8 வைப்பது வார இறுதி வேலை. பேர் வேறு, தப்பு மலைஜீப் சார் செய்த அதே தப்புதான்.

என்னிடம் 1970 செவ்ரலே செவல் கார். 350 கன அங்குல எஞ்சின், மூன்று கியர் டிஎச்350 ஆட்டோமேட்டிக், பின்னால் முந்தைய உரிமையாளர் ரேஸ் ஆசையில் போட்ட 4.10 பல். டயர் 26 அங்குலம். இங்கே ஃப்ரீவேயில் 65 மைல் போனால் 3,440 ஆர்பிஎம். காது வலிக்கும். 700ஆர்4 பெட்டி வைத்தால் நான்காவது கியர் 0.70, அதே 65-இல் 2,410 வரும் என்று கணக்குப் போட்டு வாங்கினேன்.

கணக்குச் சரிதான். ஆனால் மேல் கியரை மட்டும் பார்த்தேன். அந்தப் பெட்டியின் முதல் கியர் 3.06, பழையது 2.52. 4.10-ஆல் பெருக்கினால் 12.5. சிக்னலில் கிளம்பிய கணமே முதல் கியர் முடிந்துவிடுகிறது, அடுத்தது 1.63, தொப்பென்று விழுகிறது. கிளம்பி, விழுந்து, கிளம்பி என்று மாட்டு வண்டிப் பயணம்.

அப்புறம் 3.42 போட்டேன். பன்னிரண்டு போல்ட் அச்சு என்பதால் எனக்கும் கேரியர் மாற்றும் செலவு வந்தது. 3.06-ஐ 3.42-ஆல் பெருக்கினால் 10.5, பழைய பெட்டியும் 4.10-உம் சேர்ந்து தந்த 10.3-க்குப் பக்கத்தில். அதாவது கிளம்பும் வேகம் பழையபடியே, 65 மைலில் மட்டும் 2,010. இதை முதலிலேயே காகிதத்தில் எழுதியிருந்தால் ஒரு செட் கிரவுன் பீனியன் மிச்சம்.

700ஆர்4 வாங்குகிறவர்களுக்கு: கார்புரேட்டரிலிருந்து பெட்டிக்குப் போகும் டிவி (த்ராட்டில் வால்வ்) கேபிளைச் சரியாக வைக்காமல் ஓட்டிப் பார்க்காதீர்கள். அதுதான் உள்ளே எண்ணெய் அழுத்தத்தைத் தீர்மானிக்கிறது. நான் தெருமுனை வரை போய் வருகிறேன் என்று கிளம்பினேன், பெட்டியைக் கழற்றி மறுபடி கட்டவேண்டி வந்தது.

புதியவன், கம்பம்

அண்ணே, என் ஜீப்பில் பூஜோ எக்ஸ்டிபி 4.90 டீசல் எஞ்சின் வைக்கப் போகிறேன். டி-90, 5.38 அப்படியே இருக்கிறது. நானும் 4.88 தேட வேண்டுமா?

மலைஜீப், தேனி

தம்பி, அவசரப்படாதே. அது 2,112 சிசிதான், ஆனால் 4,500 வரை சுற்றும். என்னுடையது மாதிரி 3,200-இல் நிற்காது. 80-இல் 3,190 என்பது அதற்குப் பெரிய பாரம் இல்லை, சத்தம்தான் இருக்கும். கீழ் வேகத்தில் என் எஞ்சின் அளவுக்கு இழுக்காது என்பதால் மலைக்கு 5.38 உனக்கு உதவியாகவே இருக்கும். கம்பத்திலிருந்து குமுளிக்கும் தோட்டத்துக்கும்தான் ஓட்டுவாய் என்றால் பல்லைத் தொடாதே. மாதம் நான்கு முறை மதுரை போவாய் என்றால் பெட்டியை மாற்று, பல்லை விடு.

லேத்துப்பட்டறை அண்ணனுக்கு: ஷாஃப்ட் விஷயம் உண்மை, எனக்கு இரண்டு கிராஸ் போனது, வெட்கத்தில் சொல்லவில்லை.

எல்லாருக்கும் ஒன்று: டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து (இழுவையை முன் பின் அச்சுகளுக்குப் பிரிக்கும் பெட்டி) ஓடும் ஸ்பீடோமீட்டர், கிரவுன் பீனியன் மாற்றியதும் பொய் சொல்லும். 4.88 போட்ட பிறகு என் மீட்டர் குறைத்துக் காட்டுகிறது. அதற்கான சின்ன பல்சக்கரம் தேடிக்கொண்டிருக்கிறேன். அதுவரைக்கும் டேஷ்போர்டில் மார்க்கர் பேனாவால் ‘72 = 80’ என்று எழுதி வைத்திருக்கிறேன். மூன்று வருடம் ஆகிறது.