ஃபைபர் 200, 5ஜி 400: எதை எடுப்பது?

கேள்வி: வீட்டு இன்டர்நெட்டுக்கு ஃபைபரில் 200 எம்பிபிஎஸ், 5ஜி வயர்லெஸ் பெட்டியில் 400 எம்பிபிஎஸ். கட்டணம் ஒன்றுதான். வீடியோ மீட்டிங், கேமிங், டிவி எல்லாம் உண்டு. எது சரி?

ஒளியிழை: ஃபைபர்தான். 400 என்பது டவரில் கூட்டம் இல்லாத நேரத்துக் கணக்கு. அந்த செக்டாரில் (டவரின் ஒரு திசை கவர் செய்யும் பகுதி) உள்ள போன்களும் வீடுகளும் ஒரே அலைவரிசையைப் பங்கு போடுவதால் இரவில் வேகம் சரியும்.

டவர்பக்கம்: ஃபைபரும் பங்குதானே? ஜிபான் (ஒரே ஃபைபரைப் பல வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் முறை) போர்ட் ஒன்றுக்கு டவுன்லோடு சுமார் 2.5 ஜிபிபிஎஸ், அப்லோடு 1.25. அதை ஸ்பிளிட்டர் போட்டு 32 வீட்டுக்கோ 64 வீட்டுக்கோ பிரிக்கிறார்கள். அதைச் சொல்லாமல் 5ஜியை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை.

ஒளியிழை: பங்குதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த 2.5 மாறாது. 5ஜியில் பங்கு போடும் மொத்த அளவே சிக்னலைப் பொறுத்து ஏறி இறங்கும். பெட்டியை ஜன்னலிலிருந்து உள்ளறைக்கு நகர்த்தினாலே தெரிந்துவிடும்.

டவர்பக்கம்: அது பெட்டியை வைக்கும் இடத்தில் செய்யும் தவறு. சிக்னல் கோடுகளை நம்பாமல், செட்டிங்ஸ் பக்கத்தில் எஸ்ஐஎன்ஆர் (இரைச்சல், குறுக்கீட்டை விட சிக்னல் எவ்வளவு பலம் என்ற அளவு) பாருங்கள். 20 டெசிபலுக்கு மேல் இருந்தால் அருமை. பூஜ்யத்தை ஒட்டி வந்தால் இடத்தை மாற்றுங்கள், அல்லது வெளிப்புற ஆன்டெனா போடுங்கள். இன்னொன்று, ஃபைபரை மூலையில் இறுக்கி மடித்தால் ஒளி கசியும். ஓஎன்டியில் (வீட்டில் ஃபைபர் வந்து சேரும் பெட்டி) வரும் ஒளியின் அளவு மைனஸ் 27 டிபிஎம்முக்குக் கீழே போனால் லைன் நிற்காது. அறுந்தால் ஸ்பிளைஸ் செய்ய (இழையை ஒட்ட) ஆள் வர வேண்டும்.

லேன்கேபிள்: இரண்டு பேருமே டவுன்லோடைப் பிடித்துத் தொங்குகிறீர்கள். மீட்டிங் உடைவது பெரும்பாலும் அப்லோடு நிரம்புவதால். பிங் (தகவல் போய்த் திரும்பும் நேரத்தை அளக்கும் சோதனை) ஓடவிட்டு, ஒரு பெரிய ஃபைலை அப்லோடு செய்து பாருங்கள். 15 மில்லிசெகண்ட் 300 ஆனால், பாக்கெட்டுகள் (டேட்டாத் துண்டுகள்) வரிசையில் காத்துக் கிடக்கின்றன என்று பொருள். ரவுட்டரில் எஸ்க்யூஎம் (அந்த வரிசை நீளாமல் பார்த்துக்கொள்ளும் வசதி) இருந்தால், அளந்த அப்லோடு வேகத்தில் 85 முதல் 90 சதவீதத்தை வரம்பாக வையுங்கள். ஃபைபரில் இது கச்சிதமாக உட்காரும். 5ஜியில் வேகமே மாறிக்கொண்டிருக்க, எந்த எண்ணை வைப்பீர்கள்?

டவர்பக்கம்: நெரிசல் நேரத்தில் அளந்த குறைந்தபட்ச வேகத்தை வைக்கலாம்.

லேன்கேபிள்: வைக்கலாம், ஆனால் மற்ற நேரத்தில் கிடைக்கும் வேகம் வீண். மீட்டிங்கும் கேமும் முக்கியம் என்றால் என் ஓட்டு ஃபைபர் 200-க்கு. எதை எடுத்தாலும் வைஃபையில் அளக்காதீர்கள். லேன் வயரில், இரவு 9 மணிக்கு அளங்கள். அதிலும் 94-ஐத் தாண்டவில்லை என்றால் லைனைத் திட்டாதீர்கள். போர்ட் 100 எம்பிபிஎஸ் வகையாக இருக்கும், அல்லது வயருக்குள் உள்ள நான்கு ஜோடிக் கம்பிகளில் ஒன்று விட்டிருக்கும்.