பெடல் மிதிப்பதை நிறுத்தும்போது செயின் கழன்று விழுகிறது: காரணம் என்னவாக இருக்கும்?

கேள்வி: பொள்ளாச்சி வாசகர்

வணக்கம். என்னிடம் கியர் இல்லாத பழைய 22 அங்குலக் கறுப்புச் சைக்கிள் இருக்கிறது. வீட்டிலிருந்து கடைக்கு நாள்தோறும் 6 கிலோமீட்டர் ஓட்டுகிறேன். மார்கழி பிறந்ததிலிருந்து செயின் அடிக்கடி கழன்று, செயின்வீலின் (பெடலோடு சுற்றும் முன்பல்சக்கரம்) வெளிப்புறமாக விழுந்து, பெடலைத் தாங்கும் கிராங்கின் மேல் தொங்குகிறது. சைக்கிள் கடையில் இரண்டு முறை பின்சக்கரத்தைப் பின்னால் இழுத்துச் செயினை இறுக்கிக் கொடுத்தார்கள். இரண்டு நாள் தாங்கியது, பிறகு பழைய கதைதான். செயினும் ஐப்பசியில் மாற்றிய புதுச் செயின். காலையில் மேம்பாலத்து இறக்கத்தில் மட்டும்தான் கழல்கிறது. மாலையில் அதே பாலத்தில் இறங்கும்போது ஒருநாளும் கழன்றதில்லை. வெள்ளை வேட்டியில் கரி படிந்து கடை திறப்பது சலித்துவிட்டதால் இங்கே கேட்கிறேன்.

பதில் 1: திருச்சியிலிருந்து ஓய்வுபெற்ற ஃபிட்டர்

ஐயா, முதலில் இறுக்கத்தைச் சரியாக அளந்து பாருங்கள். செயின்வீலுக்கும் ஃப்ரீவீலுக்கும் (பின்சக்கரத்தில் செயின் மாட்டும் பல்சக்கரம்) நடுவில், கீழ்ச்செயினை விரலால் தூக்கி இறக்கினால் மொத்தம் அரை அங்குலம் அசைய வேண்டும். ஒரே இடத்தில் பார்த்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். பெடலைக் கால் சுற்றாகத் திருப்பித் திருப்பி நான்கு இடங்களில் பாருங்கள். செயின்வீல் சற்றே நடுமையம் தவறியிருந்தாலும் ஓரிடத்தில் கம்பிபோல் விறைத்தும் மறுபக்கத்தில் தொய்ந்தும் இருக்கும். அப்படி இருந்தால் மிகவும் விறைத்த இடத்தில்தான் அரை அங்குலத்தை வைக்க வேண்டும். தொய்ந்த இடத்தில் வைத்து இறுக்கினால் பேரிங் குண்டுகள்தான் பாழாகும்.

அடுத்து, பின்சக்கரத்தின் வலப்பக்க நட்டைப் பாருங்கள். ஏற்றத்தில் எழுந்து நின்று மிதிக்கும்போது செயின் வலப்பக்க அச்சை முன்னோக்கி இழுக்கும். நட்டு தளர்வாக இருந்தால் அச்சு நழுவிச் சக்கரம் கோணலாகும். அப்போது டயர் இடப்பக்கக் குழாயை ஒட்டி ஓடும். கடையில் இறுக்கி இரண்டு நாளில் மறுபடி தளர்ந்தது என்பதால் என் சந்தேகம் முதலில் இங்கேதான் போகிறது. செயின் புதிது என்பதால் தேய்மானத்தை விட்டுவிடலாம். ஆனாலும் 24 கண்ணிகளை ஸ்கேலில் வைத்து அளந்து, சரியாக 12 அங்குலம் வருகிறதா என்று பார்த்துவிடுவது நல்லது.

பதில் 2: அப்பாவின் சைக்கிள் கடையில் வளர்ந்தவர்

ஃபிட்டர் ஐயா சொன்னது அனைத்தும் பார்க்க வேண்டியவையே. ஆனால் நழுவிய அச்சுக்குக் காலை, மாலை என்ற வித்தியாசம் தெரியாது. மேலும் கேள்வி கேட்டவருக்கு மிதிக்கும்போது செயின் கழலவில்லை, மிதிப்பதை நிறுத்தி இறக்கத்தில் உருளும்போதுதான் கழல்கிறது. அதனால் நான் ஃப்ரீவீலைத்தான் சந்தேகப்படுவேன்.

பெடலை நிறுத்தினால் ஃப்ரீவீலின் உள்பகுதி சக்கரத்தோடு சுற்ற வேண்டும், வெளிப்பல் அசையாமல் நிற்க வேண்டும். உள்ளே அழுக்கு அடைத்து இறுகியிருந்தால், சக்கரம் வெளிப்பல்லையும் தன்னோடு முன்னோக்கி இழுக்கும். உங்கள் கால் பெடலைப் பிடித்திருப்பதால் செயினுக்குப் போக இடமில்லை. கீழ்ச்செயின் விறைத்து, மேல்ச்செயின் தொய்ந்து செயின்வீலின் தலையில் குவிகிறது. அந்த நேரத்தில் ஒரு குலுக்கல் போதும், பல்லை விட்டு இறங்கிவிடும். செயினை இறுக்குவதால் தொய்வுக்கு இடம் குறைந்து இரண்டு நாள் தப்பலாம். நோய் அப்படியே இருக்கும்.

சோதிப்பது எளிது. ஸ்டாண்ட் போட்டுப் பின்சக்கரத்தைக் கையால் முன்னோக்கி வேகமாகச் சுற்றிவிட்டு, பெடலை ஒரு விரலால் பிடித்து நிறுத்துங்கள். நல்ல ஃப்ரீவீலில் விரலுக்குப் பாரமே தெரியாது, ‘டிக் டிக்’ என்ற ஒலி தெளிவாகக் கேட்கும். பெடல் விரலைத் தள்ளினாலோ மேல்ச்செயின் தொங்கினாலோ அதுதான் காரணம். இதைக் காலையிலேயே செய்யுங்கள். ஒன்று கேட்கட்டுமா? ஃப்ரீவீலுக்கு என்ன எண்ணெய் விட்டீர்கள்?

கேள்வி கேட்டவர்

காலை 6 மணிக்குச் சோதித்தேன். பெடல் விரலை நன்றாகவே தள்ளியது; மேல்ச்செயின் இரண்டு விரற்கடை தொங்கியது; ‘டிக் டிக்’ ஒலி அமுங்கிக் கேட்டது. வாசலில் வெயிலில் விட்டுவிட்டுப் பிற்பகலில் மறுபடி சுற்றிப் பார்த்தபோது பாதிகூடத் தள்ளவில்லை. எண்ணெயைப் பொறுத்தவரை, சொல்ல வெட்கமாக இருக்கிறது, தேங்காய் எண்ணெய்தான். எங்கள் ஊரில் அதற்குப் பஞ்சமில்லை. செயின் மாற்றிய நாளிலிருந்து வாரம் ஒருமுறை விட்டு வந்தேன்.

பதில் 2-ஐ எழுதியவர்

அதனால்தான் கேட்டேன். தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 டிகிரிக்குக் கீழே உறையும். மார்கழிக் காலையில் குளியலறைப் புட்டியில் நடப்பது ஃப்ரீவீலுக்குள்ளும் நடக்கிறது. போதாததற்கு நாளடைவில் தூசியோடு சேர்ந்து பிசினாகவும் ஆகிவிடும். உள்ளே உள்ள சிறு கொக்கிகளின் ஸ்பிரிங் மெல்லியது, அந்தப் பிசினில் ஒட்டிக்கொண்டால் அசையாது. சைக்கிளை ஃப்ரீவீல் மேலே இருக்கும்படி சாய்த்து, உள்வளையத்துக்கும் வெளிவளையத்துக்கும் இடையிலுள்ள கோட்டில் மண்ணெண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டுச் சக்கரத்தைச் சுற்றுங்கள். கறுப்பாக வடிவது தெளியும்வரை விட்டு, ஓரிரவு காயவிட்டு, தையல் மிஷின் எண்ணெய் நாலைந்து சொட்டு விடுங்கள். கிரீஸ் அடைக்காதீர்கள், அதுவும் கொக்கிகளைப் பிடித்துக்கொள்ளும். மண்ணெண்ணெய் விடும்போது டயரில் படாமல் துணியைச் சுற்றிக்கொள்ளுங்கள்.

கேள்வி கேட்டவர்

ஒன்பது நாள் கழித்து எழுதுகிறேன். முதல் அரை மணி நேரம் தார்போலக் கறுப்புதான் வடிந்தது. இப்போது பெடல் விரலில் சும்மா நிற்கிறது, பாலத்தில் ஒருமுறைகூடச் செயின் கழலவில்லை. ஃபிட்டர் ஐயா சொன்னபடி நான்கு இடங்களில் அளந்ததில், செயினை அளவுக்கு மீறி இறுக்கியிருந்தது தெரிந்தது. ஓரிடத்தில் அசைவே இல்லை. சக்கரத்தைச் சற்று முன்னே தள்ளி அரை அங்குலம் வைத்திருக்கிறேன்.

பதில் 1-ஐ எழுதியவர்

நானும் ஒன்று கற்றுக்கொண்டேன்; எப்போது கழல்கிறது என்பதைக் கேட்காமலே ஸ்பேனரை எடுத்துவிட்டேன். முன்னே தள்ளிய பிறகு சக்கரம் இரு குழாய்களுக்கும் நடுவில் நிற்கிறதா என்று பார்த்து, இரண்டு நட்டுகளையும் மாறி மாறி இறுக்குங்கள். ஒரு பக்கத்தை முழுவதும் இறுக்கிவிட்டு மறுபக்கம் போனால் சக்கரம் மறுபடி சாயும்.